டன்ஸ்டன் ஏரிக்கரையில் ஒரு நாள் சைக்கிள் பயணம்: கேம்பர்வேனை எங்கே விட்டுச் செல்வது?

தென்றல்வழி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரி நடுவில் நானும் கணவரும் பன்னிரண்டு வயது மகளும் நியூசிலாந்தின் தென்தீவைக் கேம்பர்வேனில் சுற்றவிருக்கிறோம். கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, டெக்காபோ, லிண்டிஸ் கணவாய் வழியாக வந்து, குயீன்ஸ்டவுனில் ஒப்படைப்பதாகத் திட்டம். நாள்தோறும் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க முடியாது, ஒரு நாளாவது சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று மகள் உறுதியாகச் சொல்லிவிட்டதால், வழியிலேயே இருக்கும் டன்ஸ்டன் ஏரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

படங்களைப் பார்த்தபோது, செங்குத்தான பாறைச் சுவரில் பொருத்தப்பட்டு நீருக்கு மேலே நிற்கும் பலகைப் பாதைகளும் ஒரு தொங்குபாலமும் கண்ணில் பட்டன. மகளுக்கு அவைதான் ஈர்ப்பு. கணவருக்கோ உயரம் என்றாலே உள்ளங்கை வியர்க்கும். மூவருமே சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றாலும், விடுமுறை நாள் காலையில் சமதளத்தில் இருபது கிலோமீட்டர் போய்வருவதுதான் எங்கள் பழக்கம்.

நான் அறிய விரும்புபவை இவை. கிராம்வெல்லிலிருந்து கிளைட் வரை முழுத் தடத்தையும் ஒரே நாளில் ஓட்டுவது எங்களைப் போன்றவர்களுக்கு ஆகுமா, அல்லது பாதி தூரம் போய்த் திரும்புவது நல்லதா? ஒருவழியாகப் போனால், ஏழு மீட்டர் நீளமுள்ள வண்டியை எந்த ஊரில் நிறுத்த வேண்டும்? சைக்கிள்களை வண்டியின் பின்னால் மாட்டி எடுத்துச் செல்வதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? அன்று இரவு தங்குவதற்கு ஏரிக்கரையிலேயே இடம் கிடைக்குமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.


கரையோரன் எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. இந்தப் பகுதியில் வசிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விகளில் முதலில் முடிவு செய்ய வேண்டியது தூரம் அன்று; எந்த இடத்தில் திரும்புவது என்பதுதான். அதற்கு ஏரியின் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டன்ஸ்டன் இயற்கை ஏரி அன்று. கிளைட் அணையைக் கட்டி, 1992-93 ஆண்டுகளில் க்ளூத்தா ஆற்றைத் தேக்கியதால் உண்டான நீர்த்தேக்கம் அது. கிராம்வெல் ஊரருகே க்ளூத்தாவும் கவராவ் ஆறும் கலக்கின்றன. எனவே ஏரிக்கு மூன்று கைகள்: வடக்கே க்ளூத்தா கை, மேற்கே கவராவ் கை, தென்கிழக்கே கிளைட் வரை நீளும் கிராம்வெல் மலையிடுக்கு. முற்காலத்தில் அந்த இடுக்கின் அடியில் ஆற்றை ஒட்டியே சாலையும் ரயில் பாதையும் சென்றன. நீர் உயர்ந்தபோது கரையோரச் சமதளம் முழுவதும் மூழ்கியது. நெடுஞ்சாலையைக் கிழக்குக் கரையில் உயர்த்திக் கட்டினார்கள். மேற்குக் கரையில் பாறையும் சரிவும்தான் எஞ்சின. 2021 மே மாதம் திறக்கப்பட்ட சைக்கிள் தடம் அந்த மேற்குக் கரையில்தான் செல்கிறது. கால் வைக்க நிலம் இல்லாத இடங்களில் பாறையைத் துளைத்து இரும்புச் சட்டங்களைப் பதித்து, அவற்றின் மேல் பலகைத் தளம் அமைத்திருக்கிறார்கள். நீங்கள் படத்தில் கண்டவை அவைதான்.

இதன் விளைவு ஒன்று உண்டு. விளம்பரப் படங்கள் அதைச் சொல்வதில்லை. மலையிடுக்குக்குள் நுழைந்துவிட்டால், எதிர்க்கரையில் கார்களும் லாரிகளும் போவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கும் அவற்றுக்கும் இடையில் ஏரி கிடக்கும். களைத்துப் போனாலும், சக்கரம் கிழிந்தாலும், கணவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும், முன்னே போக வேண்டும், இல்லையேல் வந்த வழியே திரும்ப வேண்டும். நடுவில் சாலைக்கு ஏறும் வழி கிடையாது.

கிராம்வெல்லின் பழைய ஊர்ப்பகுதியிலிருந்து புறப்பட்டால் தடம் கவராவ் கையின் வடகரையில் செல்லும். பேனக்பர்ன் பாலத்தைக் கடக்கும். பின்பு திராட்சைத் தோட்டங்களை ஒட்டித் தென்கரையில் கிழக்கு நோக்கித் திரும்பி, கார்னிஷ் பாயின்ட் என்ற முனையை அடையும். அங்கே நின்று பார்த்தால் நீங்கள் புறப்பட்ட ஊர் நீருக்கு அப்பால் நேர் எதிரே இருக்கும். அதுவரை பெரும்பாலும் எளிய ஓட்டம், சாலையும் அருகிலேயே உண்டு. அந்த முனைதான் உங்கள் தீர்மானப் புள்ளி. அதைத் தாண்டினால், கிளைட் அணைக்கு அருகில் உள்ள டெய்ரி க்ரீக் படகுத்துறை வரை நீங்கள் தடத்தின் பொறுப்பில்தான் இருப்பீர்கள். மொத்தத் தூரம் கிராம்வெல்லிலிருந்து கிளைட் வரை நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேல் மலையிடுக்குப் பகுதிதான்.

மலையிடுக்கின் நடுவில் கெய்ர்ன்மியூர் ஏணி என்று அழைக்கப்படும் ஏற்றம் வருகிறது. பெயருக்கேற்ப ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டை ஊசி வளைவுகள். சாதாரண சைக்கிளில் வருகிறவர்களில் பாதிப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வளைவுகளின் வெளிவிளிம்பில் சரளைக்கல் திரண்டு கிடக்கும் என்பதால், இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் பிடிக்காமல் பின் பிரேக்கையும் சேர்த்து மெல்ல அழுத்த வேண்டும். மகளுக்கு இதை முந்தைய நாளே ஏதாவது ஒரு சரளைத் தரையில் பழக்கிவிடுங்கள். ஹியூகோ தொங்குபாலமும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 85 மீட்டர். எதிரே யாரும் வராதபோது ஏறுங்கள், நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலகைத் தளங்களில் நீர்ப்பக்கம் தடுப்பு இருக்கிறது. ஆகவே உயரத்தை அஞ்சுகிறவர்களுக்கு அங்கே சிக்கல் குறைவு. மனத்தைக் கலக்குவது, பலகை முடிந்து மறுபடி மண் தடம் தொடங்கும் இடங்கள்: ஒருபுறம் பாறை, மறுபுறம் தடுப்பில்லாத சரிவு, கீழே பச்சை நீர். அத்தகைய இடங்களில் பார்வையை முன் சக்கரத்தின் அருகே வைக்காமல் பத்துப் பதினைந்து அடி முன்னால் வைத்தால் சைக்கிள் தானாக நேரே போகும். முடியாவிட்டால் இறங்கி, பாறைப்பக்கமாக நடந்து, சைக்கிளைத் தமக்கும் சரிவுக்கும் இடையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம்.

திசையைப் பொறுத்தவரை கிராம்வெல்லிலிருந்து கிளைட்டுக்கு ஓட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். மலையிடுக்கு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. கோடையில் இங்கே பலமாக வீசும் வடமேற்குக் காற்று அந்த இடுக்கில் அடைபட்டு வேகம் கூடும். இந்தத் திசையில் போனால் அது முதுகைத் தள்ளும், எதிர்த்திசையில் போனால் மலையேறுவதைவிட அதிகம் வதைக்கும். தென்காற்று திரும்பும் நாளில் இந்தக் கணக்கு தலைகீழாகும், வெப்பநிலையும் மளமளவென்று இறங்கும். முந்தைய மாலை வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.


சக்கரவீடு எழுதுகிறார்:

தடத்தைப் பற்றிக் கரையோரன் ஐயா நன்றாக எழுதிவிட்டார். நான் வண்டியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சைக்கிள் நாளைத் திட்டமிடும்போது பெரும்பாலோர் காலையில் எங்கே புறப்படுவது என்று யோசிக்கிறார்கள். கேம்பர்வேனில் வருகிறவர்கள் மாலையில் வண்டி எங்கே நிற்கும் என்பதிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். கிராம்வெல்லில் வண்டியை விட்டுவிட்டுக் கிளைட்டுக்கு ஓட்டிப் போனால், களைத்த உடம்போடு திரும்பும் வாகனத்தின் நேரத்துக்காக ஓடவேண்டி வரும். வழியில் ஒரு பஞ்சர் ஆனால் மனம் முழுவதும் கடிகாரத்தில்தான் இருக்கும். அதற்கு மாறாக, வண்டியைக் கிளைட்டில் நிறுத்திவிட்டு, சைக்கிளையும் ஆளையும் ஏற்றிச் செல்லும் வாடகை வேனில் காலையில் கிராம்வெல்லுக்குப் போய்விடுங்கள். சாலை வழியே அது இருபது கிலோமீட்டர் அளவுதான். அதன் பிறகு எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும், கடைசி மிதியில் உங்கள் வீடு உங்களுக்காக நிற்கும். ஜனவரியில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் இருட்டைப் பற்றிய கவலையும் இல்லை.

கிளைட் சிறிய ஊர்; பழைய கல் கட்டடங்கள் நிற்கும் கடைத்தெருவில் ஏழு மீட்டர் வண்டியைத் திருப்புவது சிரமம். வேன் முன்பதிவு செய்யும்போதே, பெரிய வண்டியை நாள் முழுவதும் எங்கே நிறுத்தலாம் என்று அவர்களிடம் கேட்டுவிடுங்கள். முந்தைய இரவே கிளைட்டில் உள்ள முகாம் பூங்காவில் தங்கிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

சைக்கிள்களை எடுத்துச் செல்வதா, வாடகைக்கு எடுப்பதா என்றால், வாடகை என்பதே என் பதில். மின்சார சைக்கிள் ஒன்று 20 முதல் 27 கிலோ வரை எடை உள்ளது. மூன்றை மாட்டினால் எழுபது கிலோவை எட்டிவிடும்; வண்டியின் பின்புறத் தாங்கிகள் பல அறுபது கிலோவுக்கு மேல் தாங்கா. வாடகை வண்டியில் நீங்களாகத் தாங்கி பொருத்தவும் விடமாட்டார்கள். இதையும் மீறி யாராவது எடுத்துச் சென்றால், ஓடும்போது பேட்டரிகளைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். பின்விளக்கும் எண்பலகையும் மறையக் கூடாது.

மின்னேற்றம் பற்றி ஒரு கணக்கு. 500 வாட்-மணி கொள்ளளவுள்ள சைக்கிள் பேட்டரியை முழுதாக ஏற்ற, மாற்றியில் (12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் கருவி) ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், வண்டிக்குள் விளக்கு முதலியவற்றை இயக்கும் வீட்டு பேட்டரியிலிருந்து 600 வாட்-மணி அளவு செலவாகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய பேட்டரியில் மொத்தம் 1200 வாட்-மணிதான் இருக்கும்; அதில் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். அதாவது ஒரே ஒரு சைக்கிளை ஏற்றியதும் அன்றைய இரவுக்கான குளிர்பெட்டியும் விளக்கும் தண்ணீர்ப் பம்பும் அம்போ. வாடகை வண்டிகள் பலவற்றில் 230 வோல்ட் மாற்றியே இருக்காது. ஆகவே சொந்த மின்சார சைக்கிளோடு வருகிறவர்கள், ஓட்டத்துக்கு முந்தைய இரவை மின் இணைப்பு உள்ள முகாம் பூங்காவில் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாடகை சைக்கிள் என்றால் இந்தத் தலைவலி அவர்களுடையது.

ஏரிக்கரையில் தங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். லோபர்ன் இன்லெட், சாம்பேன் கல்லி போன்ற இடங்களில் தன்னிறைவுச் சான்று (கழிவை வெளியே விடாமல் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி என்ற சான்று) பெற்ற வண்டிகள் தங்க அனுமதி இருந்துவந்திருக்கிறது. இப்போதும் உண்டா, எத்தனை இரவு என்பதை அந்தந்த இடத்துப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த சட்டத்தின்படி, இந்தச் சான்றுக்கு வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்ட கழிப்பறை இருக்க வேண்டும். கையில் தூக்கி வைக்கும் கழிப்பறை இப்போது கணக்கில் வராது. வண்டியை எடுக்கும்போதே முன்கண்ணாடியில் பச்சை நிறச் சான்று ஒட்டியிருக்கிறதா, அதன் காலக்கெடு முடியவில்லையா என்று பாருங்கள். அது இல்லாமல் தங்கினால், அபராதம் வண்டி நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து உங்கள் கடன் அட்டைக்கு வந்து சேரும்.

என்னைக் கேட்டால், ஓட்டத்துக்கு முந்தைய இரவு மின் இணைப்பும் வெந்நீரும் உள்ள பூங்காவில், ஓட்டி முடித்த இரவு ஏரிக்கரையில் என்று வைத்துக்கொள்வேன். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். ஆனால் புழுதியோடு வந்து சேர்ந்த பிறகு வண்டியின் குளியலறையில் ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் குளித்துவிட்டு, வெளியே நாற்காலி போட்டு நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. தொட்டியைக் காலையில் நிரப்பி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.


முள்ளும்மலரும் எழுதுகிறார்:

மேலே உள்ள இரு பதில்களிலும் நல்ல செய்திகள் இருக்கின்றன. இருந்தாலும் இருவருமே முழுத் தடத்தையும் ஓட்டியாக வேண்டும் என்பது போல எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சமதளத்தில் இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய குடும்பம், சரளைக்கல் தடத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தை, நிழலே இல்லாத வெயிலில் ஓட்டுவது சிறு செய்தியன்று. நாட்டிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் பகுதிகளில் இது ஒன்று. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. மரங்கள் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். ஜனவரி நண்பகலில் மலையிடுக்கின் பாறைகள் பகலெல்லாம் சூடேறிக் கிடக்கும். நம்மூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது எம்மாத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. காற்று குளிர்ச்சியாக இருக்கும்போதே தோல் வெந்துவிடும். கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு இங்கே பத்தைத் தாண்டுவது வழக்கம். முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் துணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவும் வெயில் களிம்பு ஆகிய மூன்றும் வேண்டும். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். ஏரி நீரை அப்படியே குடிக்கக் கூடாது.

நான் உங்களுக்குச் சொல்லும் மாற்று வழி இது. கிராம்வெல்லில் வண்டியை நிறுத்திவிட்டு, பேனக்பர்ன் பாலம் வழியாகக் கார்னிஷ் பாயின்ட் வரை போய், அதே வழியில் திரும்புங்கள். முப்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும்; எங்கே வேண்டுமானாலும் நின்று திரும்பலாம். அதுவும் அதிகம் என்றால் வடக்கே ஸ்மித்ஸ் வேயிலிருந்து கிராம்வெல் வரையுள்ள பகுதி இன்னும் எளிது. ஏறத்தாழ சமதளம், நீருக்கு மிக அருகில் செல்கிறது, மகள் நினைத்த இடத்தில் இறங்கிக் கால் நனைக்கலாம். அடிப்பகுதியில் அடர்ந்து வளரும் நீர்க்களை உண்டு என்பதால் நீச்சலுக்குத் தெளிந்த கரையாகப் பாருங்கள்.

இந்தத் தடத்தில் பரபரப்பாகப் பேசப்படுவது பலகைப் பாதைதான். ஆனால் பேனக்பர்ன் பக்கத்தில் காட்டுத் தைம் செடி மண்டிய மேடுகள் இருக்கின்றன. தங்கம் தேடி வந்தவர்கள் காலத்தில் இங்கே நிலைகொண்ட செடி என்பார்கள். வெயில் ஏற ஏற அதன் மணம் தடம் முழுவதும் பரவும். சக்கரம் ஓரத்தில் உரசினால் இன்னும் கூடும். மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும். அதே மேடுகளில் காட்டு ரோஜாப் புதர்களும் உண்டு. அவற்றின் முள் டயருக்கு எமன். தடத்தைவிட்டு ஓரத்தில் சைக்கிளைச் சாய்க்கும் முன் தரையைப் பாருங்கள். வாடகைக்கு எடுக்கும்போது மாற்றுக் குழாயும் (டியூப்) காற்றடிக்கும் கருவியும் தருகிறார்களா என்று கேளுங்கள். குழாயை மாற்றத் தெரியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.


தென்றல்வழி எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. சாலைக்கு ஏறும் வழி நடுவில் இல்லை என்பதைப் படித்ததும் கணவர் சிறிது நேரம் பேசவே இல்லை; பிறகு, தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதைவிடத் தெரிந்து போவது மேல் என்றார். மகள் மின்சார சைக்கிள் வேண்டாம், தன் காலாலேயே ஓட்டுவேன் என்கிறாள்.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. வண்டியைக் கிளைட்டில் விட்டுவிட்டுக் கிராம்வெல்லுக்கு வந்துவிட்டால், கார்னிஷ் பாயின்டில் மனம் மாறும்போது எங்கள் வண்டி எங்களிடம் இருக்காது. அப்போது என்ன செய்வது? இன்னொன்று, பலகைப் பாதையை மட்டும் பார்க்கவேனும் வழி உண்டா? முழுவதும் ஓட்ட முடியாவிட்டாலும், மகளை ஏமாற்றத்தோடு அழைத்து வர மனமில்லை.


கரையோரன் எழுதுகிறார்:

முள்ளும்மலரும் அவர்களின் கருத்தை ஏற்கிறேன். முழுத் தடம் கட்டாயம் என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது உங்கள் ஐயங்களுக்கு வருகிறேன்.

கார்னிஷ் பாயின்டுக்குப் பேனக்பர்னிலிருந்து சாலை உண்டு. காலையில் உங்களை ஏற்றிச் செல்லும் வேன்காரரிடம், வேண்டுமானால் அங்கே வந்து அழைத்துக்கொள்ள முடியுமா, எந்த நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று புறப்படும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்டு முடிவு செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள். மலையிடுக்குக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். முனையிலேயே அழைத்துவிட வேண்டும். வேன் வர முடியாது என்றால், ஒருவர் மட்டும் திரும்பிக் கிராம்வெல்லுக்கு ஓட்டி, அங்கிருந்து வாடகைக் காரில் கிளைட் போய் வண்டியை எடுத்து வரலாம். அலைச்சல்தான், ஆனால் நாள் வீணாகாது.

பலகைப் பாதையைப் பார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. கார்னிஷ் பாயின்டைத் தாண்டி மலையிடுக்குக்குள் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் போய், கண்ணில் பட்டதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஏணி ஏற்றம் வரை போகத் தேவையில்லை. அல்லது கிளைட் பக்கத்திலிருந்து, டெய்ரி க்ரீக்கில் தொடங்கி மேல்நோக்கி ஓட்டலாம். இரண்டாவது வழி உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். கேம்பர்வேனைக் கிளைட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், வாடகை வேனே வேண்டாம், எந்த இடத்தில் கணவருக்குப் போதும் என்று தோன்றுகிறதோ அங்கேயே திரும்பிவிடலாம். காலை எட்டு மணிக்கு முன் புறப்பட்டால் வடமேற்குக் காற்று எழுவதற்குள் போய்ச்சேர்ந்து, அது எழுந்த பிறகு அதன் உதவியோடு திரும்பலாம். அந்த நேரத்தில் கிராம்வெல்லிலிருந்து வருகிறவர்கள் இடுக்கின் அந்தப் பக்கம் வந்திருக்கமாட்டார்கள். பலகைத் தளத்தில் எதிரெதிரே ஒதுங்கும் சங்கடமும் குறையும். பத்து மணிக்கு மேல் கூட்டம் வரத் தொடங்கும். வளைவுக்கு முன் மணியடிப்பதும் இடப்பக்கம் ஒதுங்குவதும் அப்போது இன்றியமையாதவை.

டெய்ரி க்ரீக் போகும் வழியில் அணையைப் பார்ப்பீர்கள். அதன் அடியில் ஆற்றுப்படுகையில் நிலப்பிளவு ஒன்று இருப்பது கட்டும்போது தெரிந்ததால், அணைச் சுவரிலேயே நகர்ந்துகொடுக்கும் இணைப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். நிலம் அசைந்தாலும் சுவர் பிளக்காமல் இரு பகுதியும் தனித்தனியே நகரும்படி அமைத்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தொங்குபாலத்தைவிட இது பிடித்துப்போனாலும் வியப்பில்லை.

மகள் தன் காலால் ஓட்டுவதாகச் சொன்னால் விடுங்கள். ஆனால் பெரியவர்களில் ஒருவராவது மின்சார சைக்கிள் எடுப்பது நல்லது. ஏற்றத்தில் மகளின் பையையும் தண்ணீரையும் அவர் வாங்கிக்கொள்ளலாம். மின்சார சைக்கிளின் எடையைக் கொண்டை ஊசி வளைவில் தள்ளிக்கொண்டு ஏற வேண்டியிருந்தால், தள்ளும்போது மோட்டாரும் உதவும் நடை உதவிப் பொத்தான் இருக்கிறதா என்று வாடகைக் கடையில் காட்டச் சொல்லுங்கள். மூவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். நியூசிலாந்துச் சாலைகளில் எந்த வயதினருக்கும் அது சட்டப்படி கட்டாயம், கிளைட்டிலிருந்து டெய்ரி க்ரீக் வரையுள்ள சாலைப் பகுதிக்கும் அது பொருந்தும்.


சக்கரவீடு எழுதுகிறார்:

கிளைட்டிலிருந்து போய்த் திரும்புவதாக இருந்தால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டெய்ரி க்ரீக்கில் படகுகளை இழுத்து வரும் வண்டிகளுக்கும் இடம் வேண்டும். கோடை விடுமுறை நாள்களில் காலை ஒன்பதரைக்கே நிரம்பிவிடும். கேம்பர்வேனை அங்கே கொண்டுபோகாமல் முகாம் பூங்காவிலேயே விட்டுவிட்டு ஊரிலிருந்தே சைக்கிளில் செல்லுங்கள். பூங்காவில் பெரும்பாலும் காலை பத்து மணிக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள் என்பதால், இரண்டாவது இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்தால் பாதி ஓட்டத்தில் ஓடிவர வேண்டியதில்லை. ஏரிக்கரை இரவை அதற்கு அடுத்த நாள், குயீன்ஸ்டவுன் போகும் வழியிலிருந்து சற்று வடக்கே விலகி லோபர்னில் வைத்துக்கொள்ளலாம்.